குளியலறைச் சுவரில் ஒரு ஹதீஸ்



நம்ம பிள்ளைகள் விளையாடும் 'கோல் ஒஃப் டியூட்டி' பற்றி ஒரு பழைய கதை. 2009இல் வந்த 'மொடர்ன் வோஃபெயார் 2'இல் பிரேசில் சேரியைக் காட்டும் மெப் ஒன்று. அங்கே குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தில் எழுதியிருந்தது ஒரு ஹதீஸ்! எத்தனையோ பேர் அதைக் கடந்து சுட்டுக்கொண்டு ஓடினார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டிய பிறகுதான், 2012 ஒக்டோபரில் அந்த மெப்பை எடுத்தார்கள்.

2021இல் 'வேன்கார்ட்' கேமில் குர்ஆன் பக்கங்கள் நிலத்தில் சிதறிக் கிடந்தன. எதிர்ப்பு வந்ததும் நீக்கி, அறபியிலேயே மன்னிப்புக் கேட்டார்கள்.

படம் செய்தவர்களுக்கு அது அலங்காரம். நாமோ அறபு எழுத்தில் தமிழை எழுதிய மூத்தவர்களின் பிள்ளைகள். போனைப் பறிக்கமுதல், மகனுக்குப் பக்கத்தில் ஒருநாள் இருங்கள். திரையில் தெரியும் எழுத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.