ஐந்தாவது ஆள்: பூப்பந்தும் நம் கல்லூரி அணியும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "நம் கல்லூரியின் விளையாட்டு வரலாறு" என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். வரலாறு எழுத எனக்கு என்ன தகுதி? நான் படித்தது வேதியியல். ஆனால் 1970-களின் நடுவில் மூன்று வருஷம் பூப்பந்து அணிக்காகப் பந்துக் காசு வசூலித்தவன் நான். அந்த ஒரு உரிமையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஆட்டத்தின் கதை. இன்றைய மாணவர்களிடம் பேட்மின்டன் என்றால் கூரைக்குக் கீழே ஆடும் இறகுப்பந்துதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து வெட்டவெளியில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடும் ஆட்டம். இது நம் மண்ணில் பிறந்தது. 1856-இல் தஞ்சை அரச குடும்பத்தார் இதை ஆடினார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இன்றி மறைந்தார். அதையே காரணம் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அப்படியானால், நாடு கைவிட்டுப் போன மறு வருஷமே அரண்மனையில் பந்தாட்டம்! "ராஜ்யம் போயிடுச்சு, சாயங்காலம் வேற என்னதான் செய்வாங்க?" என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் கேட்டுச் சிரிக்க வைப்பார்.

அரண்மனை ஆட்டம் பள்ளிக்கூடத்துக்கும் கிராமத்துப் பொட்டலுக்கும் இறங்கி வந்ததில் ஆச்சரியமில்லை. 80 அடி நீளம், 40 அடி அகலத்தில் சமதரை, இரண்டு கம்பம், ஆறடி உயரத்தில் ஒரு வலை. இவ்வளவுதான் தேவை. பந்தின் எடை 27, 28 கிராம். இறகுப்பந்து மாதிரி சின்னக் காற்றுக்கெல்லாம் அலைபாயாது. பந்து தரையைத் தொடக்கூடாது. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்கக்கூடாது. 1954-இல் இந்தியப் பூப்பந்து சம்மேளனம் உருவாயிற்று. 1970-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது ஆந்திரத்தின் ஜே. பிச்சையாவுக்குக் கிடைத்தது. இந்த ஆட்டத்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் வீரர் அவரே. நாங்கள் மட்டை பிடித்த காலத்தில் அவர் பெயரைச் சொல்லாத ஆட்டக்காரன் கிடையாது.

புத்தக வரலாறு இத்துடன் முடிந்துவிடும். ராஜா, சம்மேளனம், விருது. ஆனால் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நடந்த வரலாறு வேறு.

அதில் முதல் இடம் தொல்லைகளுக்குத்தான். நாங்கள் காலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை என்.சி.சி. அணிவகுப்பு மத்தியானத்துக்குள் அழித்துவிடும். வலை கட்டப் போனால் கம்பத்தில் யாரோ எருமையைக் கட்டியிருப்பார்கள். விடியற்காலையில் ஆடினால் பனியில் நனைந்த கம்பளி கல்லாய்க் கனக்கும். மஞ்சள் சாயம் சட்டையில் ஒட்டினால் சலவைக்காரரிடம் திட்டு. மட்டையின் நரம்பு எப்போதும் மாசக் கடைசியில்தான் அறுந்துபோகும்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கூட ஆடுகிறவர்களைத் தாங்குவதுதான் பெரும்பாடு! முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர் என்று நின்று ஆடுவோம். பெயர் வேண்டாம், படித்ததும் அவரவருக்கே புரியும். எங்கள் இடது பின்வரிசை நண்பர் "என்னுது, என்னுது!" என்று ஊரே கேட்கக் கத்துவார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டதும் அவரும் ஒதுங்கிவிடுவார். பந்து நடுவில் விழும். வலது பின்வரிசையாளர் பந்தைத் தவறவிட்டதும் மட்டையின் நரம்பை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்ப்பார், குற்றம் அதனுடையது என்பது போல. முன்வரிசையின் இடப்பக்கத்தில் நின்றவர் ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு பிரசங்கம் செய்வார். நடுவில் நான். என் தொல்லை என்ன என்று மற்றவர்களைக் கேட்டால் ஒரே குரலில் சொல்வார்கள்: "சர்வீஸ் போடும்போதுகூட பந்துக் காசு கேப்பான்."

ஐந்தாவது ஆள் முன்வரிசையின் வலப்பக்கம். ஹாஸ்டலில் தங்காமல் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவர். சொந்த மட்டை கிடையாது. யாருடையதையாவது வாங்கித்தான் ஆடுவார். பந்துக் காசு? "நாளைக்கு." அந்த நாளை வந்ததே இல்லை. ஆனால் வலையோரம் அவர் கை போகிற வேகம் எங்களில் வேறு யாருக்கும் கிடையாது. கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டியில் ஆளுக்கு ஒரு ஆட்டம் வென்றிருந்தோம். அப்போது 29 புள்ளிக்கு ஆடுவோம்; இப்போது 35. மூன்றாவது ஆட்டத்தில் 28-க்கு 27, சர்வீஸ் எங்களுடையது. எதிரணி தூக்கி அடித்த பந்தை இடது பின்வரிசை நண்பர் அன்றைக்கு நிஜமாகவே தன்னுடையதாக்கித் திருப்பினார். அது பதிலாக வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் திரும்பி வந்தது. ஐந்தாவது ஆள் அதைத் தட்டினாரா, தொட்டாரா தெரியாது. அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. கோப்பை எங்களுக்கு!

அடுத்த வாரம் போட்டோ எடுக்க ஏற்பாடு. அதற்கும் ஆளுக்கு ஒரு பங்கு. முந்தின நாள் ராத்திரி மெஸ் வராந்தாவில் நின்று பாக்கிப் பட்டியலை நான் உரக்கப் படித்தேன். கிண்டலாகத்தான் செய்தேன். வருஷம் முழுக்கப் பாக்கி வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அன்று கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்த அவர் அங்கேதான் நின்றிருந்தார். மறுநாள் போட்டோவுக்கு வரவில்லை. படத்தில் ஐந்து பேர் வேண்டுமே என்று மாற்று ஆட்டக்காரரை நிறுத்தினோம். விளையாட்டுத் துறை அறையில் இன்றும் தொங்குகிற படம் அதுதான். கீழே ஐந்து பெயர். அந்த இறுதிப் போட்டியில் மட்டையையே தொடாத ஒருவர் பெயர் இருக்கிறது. கடைசிப் புள்ளி எடுத்தவர் பெயர் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அன்னிக்கு ஏன்டா வரலை?" என்று கேட்டேன்.

"பந்துக் காசு குடுக்காதவன் படத்துல எப்படிடா நிக்கிறது?" என்று சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அப்பா குடுக்கிற காசுல பஸ்ஸுக்குக் குடுத்தா பந்துக்கு இருக்காது. பந்துக்குக் குடுத்துட்டா ஆட வரவே முடியாது. அதான் பஸ்ஸுக்குக் குடுத்தேன்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரோ, "அது கெடக்குது, நம்ம ஆளு இன்னும் 'என்னுது'ன்னு கத்திட்டு ஒதுங்குறானா?" என்று விசாரித்தார்.

மாணவத் தம்பி தங்கைகளே! ஒரு சுவரில் மாட்டியிருப்பது முழு வரலாறு அல்ல. உங்கள் அணியிலும் தினம் தாமதமாக வருகிறவர், மட்டை கடன் கேட்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் மேல் எரிச்சல் வந்தால் வரட்டும். எரிச்சல் இல்லாத அணி எது? ஆனால் நாலு பேர் முன்னால் பட்டியல் படிக்கும் முன் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தப் படத்தின் கீழே ஒரு சீட்டு ஒட்டி, ஆறாவதாக ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும். மலரில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்; படத்தின் கீழே எழுத மட்டும், என் பிடுங்கல் தாங்காமல், சம்மதித்திருக்கிறார்.

சந்திப்பு நாளன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய இடத்திலேயே வலை கட்டுவதாக உத்தேசம். பாதி இடத்தில் இப்போது சைக்கிள் கொட்டகை வந்துவிட்டது. இருக்கிற இடத்தில் ஆடிக்கொள்ளலாம். அவரும் வருகிறார். பந்து நான் வாங்கி வருகிறேன். யாரிடமும் காசு கேட்கமாட்டேன்.