சாளரத்தின் உயரம்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இருவரையும் ஈன்ற ஊர் என்ற அளவிலேயே தமிழுலகம் இதனை அறியும். நாம் இங்கு நோக்குவது அவ்வூர் மக்கள் வாழ்ந்த வீட்டை. அதற்கும் கி.ரா.வின் 'கதவு' என்னும் சிறுகதையே நல்ல வாயிலாக அமைகிறது. தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழைக் குடிலின் கதவு பெயர்த்து எடுத்துச் செல்லப்படுகிறது. காப்பற்ற வாயிலின் வழியே புகுந்த குளிர்காற்றுக்குக் கைக்குழந்தை பலியாகிறது. கட்டடக் கலை பேசுவோர் காற்றோட்டத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுவர். கரிசல்காட்டு எளியவனுக்கோ காற்று உயிராகவும் இருந்தது, கூற்றாகவும் இருந்தது.

'செவல்' என்பது செம்மண் நிலத்தைக் குறிக்கும் சொல். பூலித்தேவரின் நெற்கட்டும்செவலிலும் அச்சொல்லே உள்ளது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் எழுப்பிய சுவர் நிலைகொள்ளாது விரிசல் காணும். கரிசலுக்கு இடையே கிடந்த செம்மண் திட்டில் குடியேறியோர் அடித்தளம் அறிந்தே இடம் தேர்ந்தனர் என எண்ண இடமுண்டு. கனத்த மண்சுவர், பனங்கை, பனையோலை ஆகியவை அருகிலேயே கிடைத்தவை, ஏற்றிவரச் செலவில்லை, வீடு இடிந்தாலும் மண் மண்ணோடு சேரும். பகல் வெப்பம் தடித்த சுவரைக் கடந்து உள்ளே வரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஆயினும் பழைய வீட்டைப் போற்றிப் பாடும் இன்றைய வழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. அக்குளிர்ச்சிக்கு அவ்வீடு கொடுத்த விலை இருள். ஆனி, ஆடியில் புழுதி வாரும் மேல்காற்று, மார்கழியில் வாடை, எப்போதும் கள்வர் அச்சம் என்ற காரணங்களால் எளியோர் வீடுகளில் சாளரம் சிறுத்தது, அல்லது இல்லாமலே போயிற்று. உள்ளே அடுப்பில் பருத்திமார் எரிந்தது. புகை வெளியேற ஓலை இடுக்கைத் தவிர வேறு வழியில்லை. அப்புகையை நாள்தோறும் சுவாசித்தவர் வயலுக்குச் சென்ற ஆடவர் அல்லர். அடுப்படியில் அமர்ந்த பெண்ணும் அவள் மடியில் கிடந்த குழந்தையுமே. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

ஓலை போய்க் காங்கிரீட் வந்தபோது இருள் ஓரளவு நீங்கிற்று, குளிர்ச்சி முற்றும் நீங்கிற்று. மேலே தட்டோடோ சுண்ணாம்புப் பூச்சோ இல்லாத மெல்லிய தளம் நண்பகல் வெயிலை அந்திப் பொழுதில் அறைக்குள் இறக்குகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றைப் பிடிக்கக் கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அம்மின்சாரத்தால் சுழலும் விசிறியின் கீழ், மேற்குச் சாளரத்தை அடைத்துவிட்டு நாம் உறங்குகிறோம்!

அடைபட்ட சாளரம் பழைய சிக்கல். அதனை மருத்துவத்தோடு இணைத்து ஆராய்ந்தோர் நம் முன்னோரில் உண்டு. இப்னு சீனா (மறைவு 1037) தம் 'அல்கானூன்' நூலில் வீட்டின் சாளரங்களும் வாயில்களும் கிழக்கையும் வடக்கையும் நோக்க வேண்டும் என்றும், கதிரவன் ஒளி எல்லா இடத்தையும் எட்ட வேண்டும் என்றும், அதுவே காற்றைச் செம்மைப்படுத்தும் என்றும் கூறுகிறார். அவர் சொன்ன திசை புகாராவுக்கும் ஹமதானுக்கும் உரியது. வடக்கே வாடை வீசும் கரிசலுக்கு அதனை அப்படியே பெயர்த்து நடல் ஆகாது. கொள்கை வேறு, திசை வேறு. அதே நூற்றாண்டில் கெய்ரோ மருத்துவர் இப்னு ரிழ்வான், ஃபுஸ்தாத் நகரின் நோய்களுக்குக் காரணம் தேடியபோது உயர்ந்த கட்டடங்களையும் குறுகிய தெருக்களையும் குளியலகங்களின் உலைப் புகையையும் சுட்டினார்.

காற்றை அடைக்கும் வேறொரு காரணமும் உண்டு. அது நம் இல்லங்களுக்கே நெருக்கமானது. மறைவு என்பது அதன் பெயர். அண்டை வீட்டார் பார்வை படும் என்று சாளரத்தைத் திறவாமல் பெண்களை உள்ளறையில் வைப்பது மார்க்கப் பேணுதல் என்றே பலர் கருதுகின்றனர். மாலிக்கி மத்ஹபின் 'அல்முதவ்வனா' தரும் அறிவிப்பு இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. அண்டை வீட்டை நோக்கி ஒருவர் மேல்மாடத்தில் சாளரம் திறந்ததாக உமர் (ரலி) அவர்களிடம் முறையீடு வந்தது. சாளரத்தின் பின்னே ஒரு கட்டிலை இட்டு, அதன்மேல் ஒருவரை நிற்கச் செய்யுங்கள். அண்டை வீடு தெரிந்தால் தடுங்கள், தெரியாவிடில் விட்டுவிடுங்கள் என்பது அவர்கள் தீர்ப்பின் சாரம். சாளரம் வேண்டும், வேண்டாம் என்பதன்று வழக்கு; எந்த உயரத்தில் என்பதே. 14ஆம் நூற்றாண்டுத் துனிசின் கொத்தனாரும் கட்டடச் சட்ட அறிஞருமான இப்னுர் ராமீ, அண்டை வீட்டாருக்கு ஊறு தரும் சாளரங்களையும் புகையையும் பற்றிய தீர்ப்புகளை ஒரு நூலாகவே தொகுத்தார்.

எகிப்தின் மரச்சல்லடைச் சாளரமான மஷ்ரபிய்யா இதே சிக்கலுக்குத் தச்சர் கண்ட விடை. 'அருந்துதல்' என்னும் வேரிலிருந்து பிறந்த பெயர் அது. குடிநீர்க் குடங்களைக் குளிரச் செய்ய அங்கே வைத்தனர். கண்மட்டத்தில் நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் துளைகள் அமைந்தமையால் கண்கூச்சமும் வெளிப்பார்வையும் தடுக்கப்பட்டன, ஒளியும் காற்றும் நுழைந்தன என்று எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹீ விளக்குகிறார். மரம் அரிதான நம் வட்டாரத்துக்குக் கேரளத்தில் லாரி பேக்கர் (1917-2007) கட்டிய செங்கல் சல்லடைச் சுவர் ஏற்றது. மேற்கிலும் கிழக்கிலும் எதிரெதிரே அதனை ஆளுயரத்திற்கு மேல் அமைத்து, வாடைக்கும் புழுதிக்கும் அடைக்க உட்புறம் ஒரு பலகைக் கதவு பொருத்தினால் போதும்.

பெருநாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் கொண்ட 1950க்கு முந்திய கூடங்களில் காசநோய் தொற்றும் அபாயம் புதிய கூடங்களைவிடக் குறைவு என்று காட்டியது. சாளரங்களைத் திறந்து வைத்தபோது கண்ட நிலை அது. ஓர் அறையில் பன்னிருவர் பாய் விரிக்கும் மதரஸா விடுதிகளைக் கட்டுவோர் வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டிய கோடு எதிர்ச் சுவர்ச் சாளரமே. குளிர்காலத்திலும் அதன் மேற்பகுதி சாத்தப்படாமல் இருக்க வேண்டும்.