இளையோர் கபடிப் பிரிவுகள்

இளையோர் கபடிப் பிரிவுகள் என்பவை சிறுவர், சிறுமியர் கபடி அணிகளை அகவையையும் உடல் எடையையும் கொண்டு வகைப்படுத்தும் போட்டி நிலைகள் ஆகும். கபடி உடல் தொடர்புள்ள ஆட்டம் என்பதால், பொருந்தாத பிரிவில் ஆடுவது காயத்திற்கு வழிவகுக்கும்.

வகைகள்

இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் விதிநூல் பின்வரும் வரம்புகளைத் தருகிறது.

* சப்-ஜூனியர்: 16 அகவைக்கு உட்பட்டோர், 55 கிலோ வரை
* ஜூனியர் ஆண்கள்: 20 அகவைக்கு உட்பட்டோர், 70 கிலோ வரை
* ஜூனியர் பெண்கள்: 20 அகவைக்கு உட்பட்டோர், 65 கிலோ வரை

அகவை, ஆண்டின் கடைசி நாளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே திசம்பரில் 17 அகவை நிறையும் ஒருவர் அவ்வாண்டு முழுவதும் சப்-ஜூனியர் பிரிவில் ஆட இயலாது. அகவை, எடை ஆகிய இரண்டும் பொருந்துதல் வேண்டும். 58 கிலோ எடையுள்ள 15 அகவைச் சிறுவன் ஜூனியர் பிரிவிலேயே ஆட நேரும்.

பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 அகவைக்கு உட்பட்டோர் என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன.

ஆடுகளமும் நேரமும்

சப்-ஜூனியர் ஆடுகளம் 11 மீ x 8 மீ அளவும், ஜூனியர் ஆண்கள் ஆடுகளம் 13 மீ x 10 மீ அளவும் உடையவை. பரப்பளவு 88 சதுர மீட்டரிலிருந்து 130 சதுர மீட்டராக உயர்கிறது. ஆட்ட நேரமும் 30 நிமிடங்களிலிருந்து 40 நிமிடங்களாகிறது. ஆகவே மேல்பிரிவுக்குச் செல்பவருக்கு வலிமையுடன் மூச்சுப்பயிற்சியும் தேவை.

பிரிவைத் தேர்தல்

ஒரே ஒரு திறமையான பாடகரை நம்பி அணி முழுவதையும் மேல்பிரிவில் இறக்குவது தவறான முறையாகும். பிடிப்பவர்கள் எதிரணியின் எடையைத் தாங்க வல்லவர்களா என்பதே முதன்மையான கேள்வி. எடை வரம்புக்குள் வருவதற்காகப் பட்டினி கிடப்பதும் நீரைத் தவிர்ப்பதும் தசைப்பிடிப்பு, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். வளரும் அகவையில் எடை கூடுவது இயல்பு. அவ்வாறு கூடியவரை அடுத்த பிரிவுக்கு ஆயத்தப்படுத்துவதே முறை.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் கபடி பரவலாக ஆடப்படுகிறது. தரங்கம்பாடி வட்டம் 2020 இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கும். தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016 உலகக்கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடினார். 2025 இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் 18 அகவைக்கு உட்பட்டோர் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் இடம்பெற்றார்.