மொரிஸ் மைனரும் கணக்கில் வராத கூலியும்

பழைய மோட்டார் வாகனங்களைப் புதுப்பித்துக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உலகெங்கும் பெருங்கூட்டம் சேர்ந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ‘வீலர் டீலர்ஸ்’ தொடங்கியது. மறு ஆண்டில் அமெரிக்காவில் ‘ஓவர்ஹோலின்’, ‘பிம்ப் மை ரைட்’ ஆகிய இரண்டும் வந்தன. முன்னது உரிமையாளர் அறியாமலே அவருடைய காரைக் கடத்திச் சென்று ஒரே வாரத்தில் புதிதாக்கித் திருப்பிக் கொடுக்கும் வேடிக்கை. பின்னது ஓட்டை வண்டிக்குள் தொலைக்காட்சித் திரைகளைப் பொருத்திவிட்டுக் கைதட்டும் வேடிக்கை. இவற்றுள் என் மனதுக்குப் பிடித்தது ‘வீலர் டீலர்ஸ்’தான். மைக் புரூவர் பேரம் பேசி ஒரு பழைய காரை வாங்குவார், நெடிதுயர்ந்த எட் சைனா அதைப் பிரித்துப் பழுதுபார்ப்பார், பிறகு விற்பார்கள். முடிவில் வாங்கிய விலை, உதிரிப்பாகச் செலவு, விற்ற விலை, இலாபம் என்று ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கில் எட் சைனாவின் உழைப்புக்கான கூலி மட்டும் சேர்க்கப்படுவதில்லை.

அந்த விடுபட்ட வரியைக் காணும்போதெல்லாம் எனக்குக் கொழும்பின் கராஜ்கள் நினைவுக்கு வரும். இத்தொடர்கள் பொழுதுபோக்காகச் செய்து காட்டும் வேலையை நம் நாட்டில் இரண்டு மூன்று தலைமுறையினர் வேறு வழியின்றிச் செய்தார்கள். அதைப் படம் பிடிக்க அப்போது எவரும் வரவில்லை.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை பிரித்தானியாவில் உற்பத்தியான இந்த வகை, 16 இலட்சத்துக்கும் மேல். இலங்கையில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வைத்தியரும் விரும்பி வாங்கிய கார் இது. பக்கத்தில் ஒஸ்ரின் ஏ-40. இந்த இரண்டும் எங்கள் தெருக்களில் இத்தனை காலம் நிலைத்ததற்கு அவற்றின் தரம் மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் அவை மேலும் இறுகின. புதிய கார் என்பது பெரும்பாலானோருக்குக் கனவிலும் இல்லை. உள்ளதைச் சாகவிடாமல் காப்பதே ஒரே வழி. திறந்த பொருளாதாரம் வந்து ஜப்பானிய வாகனங்கள் குவியும்வரை நாடே ஒரு பெரிய பழுதுபார்க்கும் பட்டறையாகத்தான் இருந்தது.

அந்தப் பட்டறையின் நடுக்கூடம் கொட்டாஞ்சேனைக்குச் சற்றுத் தெற்கே உள்ள பஞ்சிகாவத்தை. கப்பலில் வந்த வாகனம் துறைமுகத்தில் இறங்கியது. உயிர் போனபின் பஞ்சிகாவத்தையில் உறுப்பு உறுப்பாகப் பிரிந்தது. அங்கே கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள். மொரிஸின் எஞ்சின் அடியோடு தேய்ந்துபோனால் ஜப்பானிய எஞ்சினை உள்ளே இறக்கினார்கள். 2013 முதல் யூரியூப்பில் ‘புரொஜெக்ட் பிங்கி’ என்ற பெயரில் இரண்டு ஆங்கிலேயர் ஒரு பழைய மினியின் உடலுக்குள் ரொயோட்டா செலிக்காவின் எஞ்சினையும் நாற்சக்கர இயக்கத்தையும் புகுத்துவதை ஆண்டுக்கணக்கில் காட்டினார்கள். மிக நுட்பமான வேலை; நானும் இரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் பிரித்தானிய உடலுக்கு ஜப்பானிய இதயம் பொருத்துவது கொழும்பில் எப்போதோ வாடிக்கையாகிவிட்டது.

வெள்ளவத்தைக்கு வேறு வகைத் தொல்லை. காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் ரயில் பாதையையும் கடலையும் நோக்கிப் போகின்றன. உப்புக்காற்று தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். மொரிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழுள்ள ஓரத்தகடும் தரைத்தகடும் துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போனது போலத்தான். மேலே பூச்சு மினுங்கும். கீழே கால் வைத்தால் வீதி தெரியும். பசையை அப்பி வர்ணம் பூசி ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். அழுகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தகடு அடித்து ஒட்டிய டிங்கர் பாஸ்மாரும் இருந்தார்கள். எவர் எந்த வகை என்பது இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகே தெரியவரும்.

தொலைக்காட்சித் தொடர்கள் கவனிக்காத ஓர் உறுப்பு உண்டு. அது இலக்கத்தகடு. 1957 சனவரியில் வாகன இலக்கத்தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் பொறிக்கும் முறை வந்தது. தமிழரசுக் கட்சியினர் தமிழ் ‘ஸ்ரீ’ பொறித்து அதை எதிர்த்தனர். 1958 மார்ச்சில் சிங்கள ‘ஸ்ரீ’ தாங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது எழுத்தின் மேல் தார் பூசும் போராட்டம் மூண்டது. தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசி அழிக்கப்பட்டன. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாத இறுதியில் கலவரம் பரவியது. ஆக, ஒரு மொரிஸ் மைனர் ஆங்கில எழுத்துத் தகட்டோடு நிற்கிறதா, ‘ஸ்ரீ’ தகட்டோடு நிற்கிறதா என்பதைக் கொண்டே அது எந்தக் காலத்து வண்டி என்று சொல்லிவிடலாம். சேகரிப்பாளர்களுக்கு இந்த ‘ஸ்ரீ’ இன்று வெறும் பழமையின் அடையாளம். எங்கள் தலைமுறையில் பலருக்கு அது அவ்வளவு எளிதாக இருக்க முடியாது.

1983 யூலையைப் பற்றி விரிவாக எழுத வேண்டிய இடம் இதுவன்று. எனினும் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிச் செல்ல இயலாது. அந்த வாரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளோடும் கடைகளோடும் கார்களும் எரிந்தன. வீதியில் மறித்த வாகனங்களிலிருந்து பெற்றோலை வடித்தெடுத்து அதைக் கொண்டே தீ வைத்தார்கள். இருபது முப்பது ஆண்டுகள் பாகம் தேடி, தகடு ஒட்டிக் காத்த வண்டிகள் சில நிமிடங்களில் கருகிய கூடுகளாயின. புதுப்பிக்க எதுவும் மிஞ்சவில்லை.

வடக்கில் கதை வேறு விதமாகத் தொடர்ந்தது. 1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் அரசு விதித்த தடைப்பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் அடங்கின. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை. அப்போதுதான் பழைய ஒஸ்ரினும் மொரிஸும் தங்கள் உண்மையான பெறுமதியைக் காட்டின. அவற்றின் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. ஆகவே மண்ணெண்ணெயையும் ஒருவாறு சகித்துக்கொண்டன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் குளிர்ந்த எஞ்சினை அதனால் உயிர்ப்பிக்க முடியாது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை எழும்பும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்வதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த ஒயிலும் தட்டுப்பாடு. இந்த உத்தி உலகத்துக்குப் புதிதன்று. பிரித்தானியாவில் 1940களின் பிற்பகுதியில் வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில் இயங்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் அதற்கென அமைக்கப்படாத எஞ்சின்களில், உரிய கருவிகள்கூட இல்லாமல் அதைச் செய்து காட்டினார்கள்.

இவ்விடத்தில் ஒரு முரணைக் குறிப்பிட்டாக வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களின் தொடக்கத்தில் தனபால சமரசேகரவுடன் இணைந்து ‘டியூரபிள் கார் கம்பனி’ என்ற பெயரில் இலங்கையில் ஒரு தொழிலகம் அமைத்தார். பிரித்தானியாவில் உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனரின் பாகங்களை இலங்கைக் கைவினைஞர்கள் செய்து கொடுத்தார்கள். அவை அங்குள்ள ஆர்வலர்களின் கார்களுக்குப் போயின. அதே தீவின் வடமுனையில் அதே காருக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கொண்டு செல்வதும் குற்றமாக இருந்த காலம் அது. 2002இல் ஏ-9 வீதி திறந்ததும் யாழ்ப்பாணம் சென்ற வெளிநாட்டு நிருபர்கள் அந்தப் பழைய கார்களைக் கண்டு வியந்து எழுதினார்கள். கார்களின் அழகை எழுதிய அளவுக்கு அவற்றை ஓட வைத்தவர்களைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை.

எட் சைனாவுக்கு வருகிறேன். 2017இல் அவர் ‘வீலர் டீலர்ஸ்’ தொடரை விட்டு விலகினார். தயாரிப்பைப் பொறுப்பேற்ற அமெரிக்க அலைவரிசை, பட்டறைக் காட்சிகளைப் படமாக்குவது கடினம் என்று கூறி அவற்றைக் குறைக்க விரும்பியதே காரணம் என அவரே விளக்கினார். ஒரு திருகாணியை எப்படிக் கழற்றுவது என்று பொறுமையாகச் சொல்லும் அந்த நிமிடங்களுக்காகவே பலரும் அத்தொடரைப் பார்த்தோம். இன்று இணையக் காணொளிகளில் அந்த நிதானம் மீண்டும் கிடைக்கிறது. ஒரு வெல்டிங் வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். பார்வையாளர் தொகைக்காக நல்ல பொருளைத் துருப்பிடிக்க வைத்துவிட்டுப் பிறகு ‘மீட்டெடுக்கும்’ போலிகளும் அங்கே மலிந்திருக்கின்றன. துருவின் நிறத்தை உற்றுப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். உண்மையான துரு ஒரே சீராக இராது.

2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பாவித்த கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. பஞ்சிகாவத்தையில் இருபது வயது ஜப்பானியக் கார்களுக்கு ஒரு காலத்தில் மொரிஸுக்குத் தேடியதைப் போலவே பாகம் தேடினார்கள். தகடு அடிக்கும் சத்தம் அந்த ஐந்து ஆண்டும் ஓயவில்லை. அடித்தவர்களின் கூலி இம்முறையும் ரொக்கமாகக் கைமாறியது. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.