பேர் இல்லாத பானை

மார்கழிப் பனியில வில்லியனூர் பக்கம் போனா, குயவர் வீட்டு வாசல்ல பொங்கல் பானை காயுறதைப் பார்க்கலாம். ஒரு பானையிலயும் செஞ்சவர் பேர் இருக்காது. நான் எழுதுற கோடுக்குக்கூட கமிட்ல என் பேர் இருக்கு!

கொஞ்ச தூரத்துல அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினப்போ, குயவர் முத்திரை போட்ட இத்தாலிப் பாண்டத் துண்டுகள் கிடைச்சது. அந்தப் பாண்டங்களோட காலம் ஏற்கெனவே தெரியும். அதை வெச்சுத்தான் கூடவே கிடைச்ச நம்ம ஊர்ப் பானைகளுக்கும் வயசு கணிச்சாங்க. இத்தாலிக் குயவர் பேர் நமக்குத் தெரியும், நம்மாள் பேர் தெரியாது.

இன்னிக்கு வில்லியனூர் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. 2020-ல அந்தக் கலைஞர் வி.கே.முனுசாமிக்குப் பத்மஸ்ரீ. மத்தவங்க? இந்தப் பொங்கலுக்குப் பானை வாங்கும்போது, செஞ்சவர் பேரைக் கேட்டுக் குறிச்சு வைங்க.