மூன்று அங்குல உயரத்தின் வரலாறு

என்னிடம் 1999 ஆம் ஆண்டு ரொயோட்டா ஃபோர்ரன்னர் ஒன்று இருக்கிறது. அதற்கு 3 அங்குல பாடி லிஃப்ட் போடுவதா, விடுவதா என்று இந்தக் கோடையில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. போடச் சொன்னவன் சித்தப்பாவின் மகன். இந்த வருடம்தான் ஜி2 உரிமம் எடுத்தான். வார இறுதிகளில் வண்டி அவன் கையில்தான். "அண்ணா, உயர்த்திவிட்டால் சிங்கம் மாதிரி நிக்கும்" என்றான்.

கணக்குப் போடுவதற்கு முன், இந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். உங்களில் பலரும் விரைவில் முதல் வண்டி வாங்குவீர்கள், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

உடலும் எலும்பும்

ஆரம்ப காலத்துக் கார்களில் சட்டகம் வேறு, உடல் வேறு. 1908 இல் வந்த ஃபோர்ட் மொடல் ரி அப்படித்தான். கீழே ஏணி போன்ற இரும்புச் சட்டகம். அதில் எஞ்சின், அச்சுகள், சக்கரங்கள். நாம் உட்காரும் உடல் அதன் மேல் வைத்துப் பூட்டப்பட்டது. 1922 இல் இத்தாலியின் லான்சியா லாம்டா உடலையே சட்டகமாக்கிக் காட்டியது. பிறகு வந்த பெரும்பாலான கார்கள் மெல்ல மெல்ல அந்த வழிக்குப் போயின. லொறி, பிக்கப், ஜீப் ஆகியவை பழைய ஏணியை விடவில்லை.

பாடி லிஃப்ட் பிறந்தது அந்த ஏணியால்தான். உடலும் சட்டகமும் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டையை வைத்து, நீளமான போல்ட் போட்டு உடலைத் தூக்குவதே அது. ஐஸ் ஹொக்கி பக் தெரியும்தானே? கட்டை அவ்வளவுதான் இருக்கும். சிலர் உண்மையான பக்கையே வைத்தும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஆர்ஏவி4, சிஆர்-வி போன்றவற்றில் தனிச் சட்டகம் இல்லை. அவற்றுக்கு பாடி லிஃப்ட் போடவே முடியாது.

போர்க்களத்திலிருந்து பாடசாலை வாசலுக்கு

1940 இல் அமெரிக்க இராணுவம் சிறிய, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றைக் கேட்டது. பான்டம் என்ற சிறு நிறுவனம் முதல் மாதிரியை அந்த செப்ரெம்பரில் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. சேற்றிலும் கல்லிலும் அடி தட்டாமல் போகவே அதற்கு உயரம் தேவைப்பட்டது. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீற்றரில் ஓடுவது அதன் வேலை அல்ல.

போர் முடிந்ததும் அதே வண்டி பொதுமக்களிடம் வந்தது. 1980 இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஜீப் சிஜே-5 சட்டென்று திருப்பும்போது உருளும் காட்சிகளைக் காட்டியது. 1988 இல் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சுசுகி சமுராயை ஏற்கத் தகாதது என்று எழுதியது. சோதனை நியாயமானதல்ல என்று சுசுகி 1996 இல் வழக்குப் போட்டது. 2004 இல் சமரசமானது.

இதற்கிடையில், பிக்கப்பின் அடித்தளத்தில் செய்யப்பட்ட ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் 1990 இல் வந்து குடும்ப வண்டியாகவே ஆகிவிட்டது. 2000 ஓகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே ரயரின் மேற்பட்டை பிரிந்து, பல வண்டிகள் உருண்டிருந்தன. அமெரிக்காவில் மட்டும் 270 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழை ரயரிலா, வண்டியிலா என்று இரு நிறுவனங்களும் சண்டை பிடித்தன.

ஒரு சிறு கணக்கு

2001 இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் உருளும் ஆபத்துக்கு நட்சத்திரம் போடத் தொடங்கியது. கணக்கு மிக எளிது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கார்களுக்குப் பொதுவாக 1.30 முதல் 1.50 வரை வரும்; எஸ்யூவிகளுக்கு 1.00 முதல் 1.30 வரை. அப்போதைய அளவுகோலில் 1.03 அல்லது அதற்குக் கீழே போனால் ஒரே நட்சத்திரம்.

ஒரு பழைய எஸ்யூவியின் அகலம் 150 செ.மீ., மையத்தின் உயரம் 68 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விடை 1.10. அதாவது இரண்டு நட்சத்திரம். 3 அங்குல பாடி லிஃப்ட் உடலை மட்டும் 7.6 செ.மீ. தூக்கும். எடையில் பாதி உடல் என்றால் மையம் 3.8 செ.மீ. ஏறும்: 1.04. அதோடு 2 அங்குலம் பெரிய ரயர் மாட்டினால் முழு வண்டியும் இன்னும் 2.5 செ.மீ. ஏறும்: 1.01. ஒரு நட்சத்திரம் போய்விட்டது.

இதற்கு என்ன கிடைக்கிறது? பலருக்குத் தெரியாத விசயம் இது: பாடி லிஃப்ட் மட்டும் போட்டால், பின் அச்சில் தொங்கும் டிஃபரென்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரும் கூடாது. கல் தட்டும் இடம் அதுதான். பெரிய ரயருக்கு இடம் கிடைப்பதுதான் இலாபம். பெரிய ரயர் போட்டால்தான் அச்சு உயரும்.

லிஃப்ட் போடுகிறவர்கள் எல்லோரும் தெரியாமல் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. காட்டுப் பாதையில் மெதுவாக, கல் மேல் ஏறி இறங்குகிறவருக்குப் பெரிய ரயர் உண்மையிலேயே தேவை. அவருக்கு, சட்டகத்தையும் உடலையும் சேர்த்துத் தூக்கும் சஸ்பென்ஷன் லிஃப்டை விட, அதே அளவு பாடி லிஃப்ட் மையத்தைக் குறைவாகத்தான் ஏற்றும். ஸ்டியரிங் தண்டு, பெற்றோல் நிரப்பும் குழாய், ரேடியேற்றர் விசிறியின் உறை எல்லாவற்றையும் சரிபார்த்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிட்டால் அது அறிந்து எடுத்த முடிவு.

எங்கள் வண்டி ஓடுவது நெடுஞ்சாலை 401 இல். சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் கருவி, கனடாவில் 2011 செப்ரெம்பர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். 1999 வண்டியில் அது இல்லை. ஓட்டப்போகிறவன் ஒரு வருடம்கூட ஓட்டிப் பழகாதவன்.

லிஃப்ட் போடவில்லை. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து நல்ல குளிர்கால ரயர் நான்கு வாங்கினேன். தம்பிக்குக் கொஞ்சம் கோபம்தான். கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஜீப் செய்தவர்களுக்கு உயரம் எதற்கு என்று தெரிந்திருந்தது. நீங்களும் கட்டையை வாங்குவதற்கு முன், என் வண்டி எந்தத் தெருவில் ஓடப்போகிறது, அதை யார் ஓட்டப்போகிறார் என்று கேளுங்கள்.