லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்
இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிய பள்ளி ஆசிரியர் வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட இந்த ஆங்கில நாவல், ஆர். எம். பாலன்டைனின் சாகசக் கதையான 'பவளத் தீவு' (1857) நூலுக்கு எதிர்வினையாக எழுந்தது. போர்க்காலத்தில் விமானம் விழுந்து ஆளில்லாத் தீவில் சிக்கிய ஆங்கிலேயச் சிறுவர்கள், சங்கை ஏந்தியவனுக்கே பேசும் உரிமை என விதி வகுத்து ரால்ஃபைத் தலைவனாகத் தேர்ந்தாலும், பாடகர் குழுத் தலைவனான ஜாக், இறைச்சியாலும் அச்சத்தாலும் அவர்களை முகச்சாயம் பூசிய வேட்டைக் கூட்டமாக மாற்றிவிடுகிறான். சங்கு நொறுங்கும்போதே அதை ஏந்தி நின்ற சிறுவன் பிக்கியும் உயிரிழக்கிறான். சிறுவர்கள் அஞ்சும் விலங்கு அவர்களுக்குள்ளேயே இருக்கிறது என்பதை அவர்களுள் ஒருவனான சைமன் மட்டுமே உணர்கிறான். அவனையே விலங்கென்று மயங்கி மற்றவர்கள் கொல்கிறார்கள். நாகரிகமும் காட்டுத்தன்மையும் மோதும் கதை என்ற பரவலான விளக்கம் போதுமானதன்று. ஏனெனில் நாகரிக உலகின் சார்பில் சிறுவர்களை மீட்கும் அதிகாரியும் போர்க்கப்பலிலிருந்தே வருகிறார்.